காருக்கு போர் போட்ட கதை

கையில் ஒரு கனமான அட்டைப்பெட்டியோடு சத்துவாச்சாரி ஆட்டோ ஸ்டாண்டில் நின்றேன். தெரிந்த ஆட்டோக்காரர்தான். "இன்னா சார் பெட்டி?" என்றார். "வண்டிக்குப் பெரிய போர் போடப் போறேன்பா" என்றேன். "எத்தினி அடி?" என்று உடனே கேட்டார். "88 மில்லி" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெயில் ஜாஸ்தி சார், ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பக்கம் போர் என்றால் ஒன்றுதான். ரிக் லாரி வரும், தேங்காய் உடைப்பார்கள், தெரு முழுக்கப் புழுதி பறக்கும், ஆயிரம் அடி போனாலும் தண்ணி வருமா வராதா என்று வீட்டுக்காரர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். வராவிட்டால் பணம் மண்ணுக்குள் போச்சு. இன்ஜினில் போர் என்றால் பிஸ்டன் ஓடும் குழாயின் உள்விட்டம். ஆனால் நான் செய்யக் கிளம்பியதும் கிட்டத்தட்ட அதேதான். அவர்கள் மண்ணுக்குள் விட்டதை நான் இன்ஜினுக்குள் விட்டேன்.

வண்டி 1968 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 1500 என்று பெயர், கணக்குப்படி 1493 சிசி, 44 குதிரைச் சக்தி. குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்ததை, ரிட்டையர்மென்ட் பணம் வந்த வருஷம் வாங்கினேன். "ஆமை மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. எனக்கு அது ஸ்போர்ட்ஸ் கார். போர்ஷே கம்பெனி தன் பெயர் போட்டுச் செய்த முதல் காரான 356, பீட்டிலின் உறுப்புகளை எடுத்துக்கொண்டுதான் பிறந்தது. பின்பக்கத்தில் இன்ஜின், இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று படுத்திருக்கும் நாலு சிலிண்டர், ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு ஃபேன், அது தள்ளும் காற்று, அவ்வளவுதான். வேலூரைச் சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று கேலி பேசுவார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பி வந்துவிட்டார். பாலாறு மட்டும் இஷ்டப்பட்டால்தான் வரும். தண்ணி இல்லாத ஆறு ஓடுகிற ஊருக்குத் தண்ணி இல்லாத இன்ஜின் பொருத்தம்தான் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

சிரிப்பு ஏலகிரியில் நின்றது. மே மாத லீவு. நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, பேரன், மூட்டை முடிச்சு. பொன்னேரியில் மலைப்பாதை தொடங்கியதும் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ எழுதிய பலகை. மூன்றாவது வளைவிலேயே இரண்டாம் கியரில் வண்டி திணறியது. பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. மாப்பிள்ளை நிதானமாகச் சொன்னார்: "மாமா, நான் வேணா இறங்கி நடந்து முன்னாடி போறேன். நீங்க வர்றதுக்குள்ள டீ சொல்லி வைக்கிறேன்."

அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். சிசி பத்தவில்லை.

நான் யார் என்று சொல்லாவிட்டால் இந்தக் கதையின் கேவலம் முழுசாகப் புரியாது. நான் ராணிப்பேட்டை பெல் ஆலையில் வேலை பார்த்தவன். அனல்மின் நிலையத்துக் கொதிகலன்களுக்கு வேண்டிய ராட்சத ஃபேன்கள், காற்றைச் சூடாக்கும் ஏர் பிரீஹீட்டர்கள், புகையில் இருக்கும் சாம்பலைப் பிடிக்கும் கருவிகள் எல்லாம் செய்கிற இடம் அது. முப்பது வருஷத்துக்கு மேல் காற்றோடு குடித்தனம் நடத்தியவன். குளிர்ந்த காற்று எங்கே போகிறது, சூடான காற்று எங்கே திரும்புகிறது என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு வருவோம். இந்த இன்ஜினில் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய்வரும் தூரம், 69 மில்லி. அதை நீட்ட வேண்டுமானால் கிராங்க் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும், கேஸ் என்கிற இன்ஜின் கூட்டையே பிளக்க வேண்டும், பெரிய வேலை. போரைக் கூட்டுவது சுலபம். காற்றில் குளிரும் இன்ஜினில் பேரல்கள், அதாவது பிஸ்டன் ஓடும் குழாய்கள், தனித்தனி. அம்பாசடர் மாதிரி பிளாக்கையே லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், பழைய நாலை உருவிவிட்டுப் புதிய நாலைச் சொருகலாம். என் இன்ஜினின் போர் 83 மில்லி. 85.5 போட்டால் 1584 சிசி. அது கம்பெனியே பிறகு கொண்டுவந்த 1600. 87 போட்டால் 1641. 88 போட்டால் 1679. 90.5 என்றால் 1775, ஆனால் அதற்குக் கேஸையும், ஹெட் என்கிற சிலிண்டர் மூடியையும் மெஷினில் போட்டு ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். எதையும் குடையாமல் சொருகக்கூடியவற்றில் பெரியது 88. எனவே 88. யோசனை அவ்வளவுதான் செய்தேன். சந்தையில் கத்திரிக்காய் வாங்கும்போதுகூட இதைவிட அதிகமாகப் புரட்டிப் பார்ப்பேன்.

யோசிக்காமல் விட்டது இது. பேரலின் அடிப்பாகம் நுழைகிற ஓட்டை, என் கேஸில், 90 மில்லி. ஓட்டை மாறாது. உள்விட்டத்தைக் கூட்டக் கூட்டச் சுவர்தான் மெலியும். 83இல் அந்த இடத்தில் சுவர் மூன்றரை மில்லி. 85.5இல் இரண்டேகால். 87இல் ஒன்றரை. 88இல் ஒரே ஒரு மில்லி.

பார்சல் வெளிநாட்டிலிருந்து வந்தது. சுங்கவரியும் கூரியரும் சேர்ந்து பெட்டியின் விலையில் பாதியை எட்டின. அதைத்தான் ஆட்டோவில் எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனேன். சென்னை சைதாப்பேட்டை இல்லை, எங்கள் வேலூர் சைதாப்பேட்டை. அங்கே ஒரு பாய். எழுபதைத் தாண்டியவர். பழைய ஃபியட், வில்லீஸ் ஜீப், அம்பாசடர் என்றால் அவரிடம்தான் வரும். பெட்டியைத் திறந்து ஒரு பேரலை எடுத்தார். பார்க்கக்கூட இல்லை. சுண்டுவிரலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டினார். ணங் என்றது.

"இன்னா சார், பேரலா டம்ளரா?"

"புது டிசைன் பாய்."

"டிசைன் புச்சுதான். வெயில் பழசாச்சே" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது. காசு கொடுத்தபின் காது கேட்காது.

இரண்டு நாளில் மாட்டினோம். ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்றும் புதிதாகப் போட்டேன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்தி இருந்தது. முதல் அறுநூறு கிலோமீட்டர் சொர்க்கம். காட்பாடி பாலத்தில் ஏறும்போதே வித்தியாசம் தெரிந்தது. ஏப்ரல் பாதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூர் போய்ப் பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மத்தியானம் ஒரு மணி. ரோட்டில் கானல் ஓடுகிறது. 90இல் போய்க்கொண்டிருந்தேன். பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், யாரோ பின்னாலிருந்து பம்பரைப் பிடித்து இழுத்தமாதிரி இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் குறைகிறது. மீட்டர் முள் 130ஐத் தாண்டி நிற்கிறது. கிளட்சை மிதித்து ஓரம் கட்டுவதற்குள் ஒரு கிறீச் சத்தம், பிறகு அமைதி. அந்த அமைதியில் பிரியாணி வாசனையும் கருகிய ஆயில் வாசனையும் சேர்ந்து வந்தன.

நான் அங்கே செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆனது, சந்தோஷமாக ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டரில் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. சூட்டில் பிடித்த பிஸ்டன் ஆறினால் விடும். ஆனால் அது பேரலில் இழுத்த கோடு அங்கேயேதான் இருக்கும். அந்தக் கோட்டின் மேல் மறுபடி ஓட்டினால் ரிங் உடையும், எனக்கு உடைந்தது. இப்படி நின்றால் ஒரு மணி நேரமாவது விடுங்கள், ஸ்பானர் போட்டுப் புல்லியைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பாகத் தெரிந்தால் டோ வண்டிக்குப் போன் பண்ணுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குப் பார்த்து நான் இருபதாயிரம் விட்டேன்.

பாய் கடையில் பிரித்தோம். பிடித்தது மூன்றாம் சிலிண்டர். இந்த இன்ஜினைத் தெரிந்தவர்களுக்கு இது அதிசயமில்லை. பழைய மாடல்களில் ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு நேர்மேலே நிற்கும். மற்ற மூன்றுக்கும் புதுக்காற்று, மூன்றாமவனுக்கு ஆயில் கூலரைத் தாண்டி வரும் எச்சில் காற்று. 1971 மாடலில்தான் கூலரைக் கூண்டுக்குப் பின்னால் தனி வீடு கட்டித் தள்ளி வைத்தார்கள். பேரலைக் கழுவி போர் கேஜ் விட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் எட்டு பாயின்ட் வித்தியாசம், அதாவது 0.08 மில்லி. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியே அதைவிடக் குறைவு. மெல்லிய சுவர் சூட்டில் முட்டை வடிவமாகிவிட்டது. டம்ளர் என்று பாய் சொன்னதை அப்போது அவர் ஞாபகப்படுத்தவில்லை. பெரிய மனுஷன்.

இங்கேதான் கதை முடிந்திருக்க வேண்டும்: மெல்லிய பேரல் வாங்கினேன், கெட்டேன், 87 வாங்கினேன் என்று. 87க்கு ஆர்டரும் போட்டுவிட்டேன். ஆனால் பாய் ஒரு கேள்வி கேட்டார்: "பேரல் இப்போ வந்தது சார். போன வருஷம் ஏலகிரில பழைய பேரல்தானே, அப்பவும் சூடாத்தானே இருந்தது?"

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. பழைய 83 பேரல்கள் ஷெட்டில் கிடந்தன. 87 வருவதற்கு ஒரு மாதம் ஆகும். அதுவரை வண்டி சும்மா நிற்க வேண்டாம் என்று பழையதை ஹோன் பண்ணி, அதாவது உள்சுவரை லேசாகத் தேய்த்து, புது ரிங் போட்டு மாட்டினோம். அடுத்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஷெட்டில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் மனைவி தூபக்காலில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். புகை ஹாலைக் கடந்து, ஜன்னல் வழியாக ஒரே கோடாக இழுபட்டுப் போவதைப் பார்த்தேன். எழுந்து போய், "அதைக் கொஞ்சம் குடு" என்றேன்.

"காருக்குமா திருஷ்டி?"

தூபக்காலை வண்டியின் பின் பம்பருக்குக் கீழே, இன்ஜினுக்கு அடியில் தரையில் வைத்தேன். புகை அங்கேயே சுழன்று வெளியே போயிருக்க வேண்டும். இன்ஜின் ரூமின் மூடியைத் திறந்து பார்த்தேன். ஓரமாக, தகடும் பாடியும் சேரும் இடத்தில், விரல் நுழையும் சந்து ஒன்று. அதன் வழியாகச் சாம்பிராணிப் புகை கயிறு மாதிரி மேலே ஏறி, நேராக ஃபேனின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. தூபக்காலை நகர்த்தினேன். இன்னொரு சந்து. அங்கிருந்தும் ஒரு கயிறு.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷம்! ஏர்கூல்டு இன்ஜினில் அந்தத் தகடுகளும், அவற்றைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கும் அழகுக்கு இல்லை. மேல் அறை குளிர்ந்த காற்றுக்கு, கீழ் அறை சூடான காற்றுக்கு. நடுவில் அந்தத் தகடுதான் தடுப்புச் சுவர். ஃபேன் மேலிருந்து காற்றை எடுத்து, சிலிண்டர்களின் விசிறிப் பற்கள் வழியே அழுத்திக் கீழே தள்ளுகிறது. பீடிங் போய்விட்டால் கீழே தள்ளிய சூட்டையே ஃபேன் மறுபடி மேலே இழுக்கிறது. என் வண்டியில் பீடிங் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. பிளக் ஒயர்கள் நுழையும் இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் மூடிகளில் இரண்டைக் காணவில்லை, அவை வழியாக அழுத்தக் காற்று வீணாகிக்கொண்டிருந்தது. அடித்தகடு ஒன்று எந்தக் காலத்திலோ யாரோ கழற்றி எறிந்தது. வெளியே 41 டிகிரி வெயில் என்றால், என் இன்ஜின் குடித்தது அதைவிடச் சூடான தன் சொந்த மூச்சை.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்போ இன்னொண்ணும் பாத்துடலாம்" என்று, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்து கார்புரேட்டருக்குப் போகும் சின்ன டியூபைப் பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சினார். மூடியைக் கழற்றியிருந்ததால் உள்ளே தட்டு தெரிந்தது. அது அசைய வேண்டும். அசையவில்லை. நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டவும் இல்லை. "கிழிஞ்சிகிது சார். காத்து வந்துகினே கீது."

என் மாடலின் டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், முன்னேறுவது முழுக்க அந்த உறிஞ்சலை நம்பித்தான். உள்ளே சின்ன ரப்பர் சவ்வு கிழிந்தால் அட்வான்ஸே கிடையாது. நிற்கும்போது வைத்த 7.5 டிகிரியிலேயே எந்த வேகத்திலும் நிற்கும். ஓட்டத்தில் 30 டிகிரியை ஒட்டிப் போக வேண்டிய நெருப்பு இவ்வளவு தாமதமாக விழுந்தால், பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில், எரிந்துகொண்டே சைலன்சருக்குப் போகும். இழுவை இருக்காது, ஹெட் மட்டும் காயும். பாய் எப்போதும் பல்ப் வைத்து, இன்ஜின் நிற்கும்போதுதான் டைமிங் பார்ப்பார். அது அந்தக் காலத்து வழி, அவரைக் குறை சொல்ல முடியாது. டைமிங் லைட் என் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

ஏலகிரியில் மாப்பிள்ளையை டீ சொல்ல வைத்தது சிசி இல்லை. இதுதான்.

புது சவ்வுக் கூடு, முழுச் சுற்றுக்கும் பீடிங், அடித்தகடு. தகட்டைத் தோட்டப்பாளையத்தில் ஒரு டிங்கர் காகித மாதிரி வைத்து வெட்டிக் கொடுத்தார். 1971க்குப் பிந்தைய ஃபேன் கூண்டு ஒன்று கிடைத்தது. அதை மாட்டுபவர்கள் கூண்டு மட்டும் வாங்கி ஏமாறாதீர்கள். அதற்குரிய அகல ஃபேன், கூலர், கூலரிலிருந்து சூட்டை வெளியே விடும் தகடு எல்லாம் ஒரே குடும்பம், ஒன்று குறைந்தாலும் பிரயோஜனம் இல்லை. பெட்ரோல் டியூப்களையும் மாற்றினேன். பங்க்கில் இப்போது வருவது 20 சதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பரை அது ஊறவைத்து உதிர்த்துவிடும். இந்த வண்டியில் டியூப் ஓடுவது இன்ஜின் மேலேயே. எத்தனால் கலந்தால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையும் கொஞ்சம் காய்ந்துபோகும், அதற்காக கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினேன்.

இதற்கிடையில் 87 வந்து சேர்ந்தது. தட்டிப் பார்த்த பாய், "இது பேரல்" என்றார். இந்த முறை அவசரப்படவில்லை. நாலு பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு, தெரிந்த நகைக்கடைக்குக் கடை சாத்தும் நேரத்தில் போனேன். மஞ்சள் துணி விரித்த தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தார் அவர். கனத்ததற்கும் லேசானதற்கும் 11 கிராம் வித்தியாசம். "ஒண்ணரை சவரனுக்குக் கொஞ்சம் குறைச்சல். எங்க தொழில்ல இதுக்குக் கொலையே விழும்" என்றார். ஐந்து கிராமுக்குள் இருந்தால் நல்லது, பத்தைத் தாண்டக்கூடாது. கனத்த பிஸ்டனின் உட்புறம், பின் போகும் இடத்துக்குக் கீழே தடித்த பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக அரம் போட்டு, மறுநாள் மறுபடி போய் நிறுத்து, மூன்று கிராமுக்குள் கொண்டுவந்தேன். ரிங்குகளைப் பேரலில் நேராக இறக்கி வாயிடைவெளி பார்த்தேன், 0.30இல் இருந்து 0.45க்குள் இருக்க வேண்டும். ஒன்று 0.22. அப்படியே மாட்டியிருந்தால் சூட்டில் நுனிகள் முட்டியிருக்கும்.

கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கையும் முதல்முறை போடவே இல்லை. பழைய இன்ஜினில் ஒரு சிலிண்டர் 373 சிசி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் ஏறக்குறைய 57. அதனால்தான் 7.5க்கு 1. போரை மட்டும் 88 ஆக்கி அந்த இடத்தை அப்படியே விட்டால் சிலிண்டர் 420 ஆகி, கம்ப்ரஷன் 8.3க்குத் தாவும். சிசி கூட்டினோம் என்று நினைப்போம், கூடவே கம்ப்ரஷனும் சொல்லாமல் ஏறியிருக்கும். 87இல் பேரலுக்கு அடியில் ஷிம் என்கிற வளையத் தகடு அரை மில்லிக்குக் கொடுத்தால் சிலிண்டருக்கு 3 சிசி இடம் கூடும், 7.8இல் நிற்கும். பிஸ்டன் உச்சியில் பேரல் விளிம்புக்குக் கீழே எவ்வளவு நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து நாலு சிலிண்டரிலும் பாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிக்குள் நல்லது. நிறைய ஷிம் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைக்கலாம் என்று மூன்று நாலு அடுக்கினால் பெட்ரோல் சரியாக எரியாது.

கேஸ் மெக்னீசியம் கலவை, மிருதுவானது. அதில் திருகிய ஸ்டட்கள், அதாவது ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் கம்பிகள், சூட்டில் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். இது ஏழை வீட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம். போர்ஷே 911, 1964இல் 2 லிட்டரில் வந்தது, போரையும் ஸ்ட்ரோக்கையும் மாற்றி மாற்றி 2.2, 2.4 என்று வளர்ந்து 1973 கரேரா ஆர்எஸ்ஸில் 2.7 ஆனது. 80 மில்லி போர் 90 வரை போனது. சுவர் மெலிகிற பிரச்சினைக்கு அவர்கள் அலுமினியப் பேரலில் நிக்காசில் என்ற மெல்லிய பூச்சுப் பூசி வழி கண்டார்கள். ஆனால் கேஸ் அதே மெக்னீசியம். 1974 முதல் 77 வரை வந்த 2.7களில், முக்கியமாகப் புகைக் கட்டுப்பாட்டுக்காக எக்ஸாஸ்டில் சூட்டை அடைத்து வைத்த அமெரிக்க வண்டிகளில், ஸ்டட்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. பிறகு வந்த 3 லிட்டருக்கு அலுமினியக் கேஸ். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே சூடு பாடம் நடத்தியிருக்கிறது. எனவே நானும் 16 ஓட்டையையும் குடைந்து எஃகு மரைப் புஷ் இறக்கினேன். என்னுடைய 10 மில்லி ஸ்டட்டுக்கு டார்க், அதாவது இறுக்கும் முறுக்கு, 3.2 கிலோகிராம்-மீட்டர்தான். "கை கணக்கு" என்று இழுப்பவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள்.

எல்லாம் தயார். மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வந்த பையன், "ஆர்.சி.ல 1493னு இருக்கே சார், மாத்துனா சொல்லணும்" என்றான். விசாரித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு: கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதைக் கறாராகச் சொல்லியிருக்கிறது. தேய்ந்த பேரலை ஓவர்சைஸ் போட்டு ரிப்பேர் செய்வது வேறு, 150 சிசி கூட்டுவது வேறு. அறுநூறு கிலோமீட்டரும் ஆம்பூர் பிரியாணியும் நான் கேட்காமல் ஓட்டியவை. ஒரு விபத்து நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இதை நான் கடைசியில் தெரிந்துகொண்டேன். நீங்கள் பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த மே மாதம், அதே குடும்பம், அதே மூட்டை, அதே 83 மில்லி. பொன்னேரியில் மலை தொடங்கியது. நேர் பாதையில் மூன்றாம் கியர், வளைவில் இரண்டாம் கியர். பேரன் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவைத் தாண்டும்போது ஆயில் மீட்டரைப் பார்த்தேன். 108. மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை, ஜன்னலில் கை வைத்துக்கொண்டு வந்தார். ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டமாம். எங்களுக்கு இன்னும் வடாற்காடுதான்.

87 செட் பரணில் கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, நகைக்கடைக்காரர் எழுதிக் கொடுத்த எடைச் சீட்டோடு. எப்போதாவது மாட்டுவேனா என்று தெரியவில்லை. முறையாக அனுமதி வாங்கி, 85.5 மட்டும் போட்டால் என்ன என்றும் ஒரு சபலம் இருக்கிறது. கம்பெனியே போட்ட சைஸ், சுவர் தடிமன், கவலை இல்லை.

போன வாரம் சத்துவாச்சாரியில் அந்த ஆட்டோக்காரரைப் பார்த்தேன். "சார், போர் போட்டீங்களே, தண்ணி வந்துச்சா?" என்றார்.

"இல்லப்பா. காத்துதான் வந்துச்சு."

"அய்யய்யோ" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். சத்துவாச்சாரியிலிருந்து பாகாயம் வரை எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார், இறங்கும்போது பத்து ரூபாய் குறைத்தும் வாங்கினார்.